ஒரு விசில், இரண்டு விசில்

ஐந்தாம் நாள் காலை பள்ளிக்கூடத் தரையிலிருந்து எழுந்திருக்க எனக்கு மூன்று தவணை பிடித்தது. முதலில் உருண்டேன். பிறகு பெஞ்சின் காலைப் பிடித்தேன். அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முனகியபடி நிமிர்ந்தேன். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். உட்கார்ந்தே வாழ்க்கையைக் கழித்தவனுக்குச் சைக்கிள் சீட்டில் மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று நினைத்துத்தான் பெயர் கொடுத்தேன். கொம்பு முளைத்துத்தான் இருக்கிறது என்று நான்கு நாளாக உட்காருமிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

ரைட்டக்கா எனக்கு முன்பே எழுந்து, தலை வாரி, ஷூ மாட்டி, வகுப்பறை வாசலில் நின்று எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரை எண்ண எத்தனை நேரம் ஆகும்? அவள் இரண்டு தடவை எண்ணினாள். ஒரு தடவை கதவிலிருந்து சுவர்வரை, ஒரு தடவை சுவரிலிருந்து கதவுவரை. அவள் பஸ் கண்டக்டர். என் வண்டியில், பின்பக்கக் கதவில், பதினான்கு வருஷமாக இருக்கிறாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். ஆனாலும் டிப்போ முழுக்க அவளை அக்கா என்றதால் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

"டிரைவரண்ணே, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"இருந்தா சரி. கெளம்புங்க."

கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்தும் ஒரு மையத்துக்காக நடந்த சைக்கிள் பயணம் அது. ஐந்து நாள், நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஒரு அணி, பாங்கிக்காரர்கள் ஒரு அணி, இப்படிப் பதினெட்டு அணிகள். எங்கள் டிப்போவிலிருந்து ஆறு பேர்: நான், ரைட்டக்கா, கிரீஸ் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக், நேரம் குறிக்கும் டைம்கீப்பர், அப்புறம் அண்ணனும் தம்பியுமான இரண்டு டிரைவர்கள். விதி ஒன்றே ஒன்றுதான். ஆறு பேரும் சேர்ந்து கடைசி வளைவுக்குள் நுழைய வேண்டும். ஐந்து பேர் மட்டும் நுழைந்தால் அந்த அணி வரவேயில்லை என்று எழுதிவிடுவார்கள்.

கடைசி வளைவு கட்டியிருந்தது அந்த மையத்தின் வாசலில். அங்கேதான் எனக்கு இடித்தது. ஒன்பது வருஷமாக நான் முகம் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த மையத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு இடது பாதம் கிடையாது. அது என் பஸ்ஸின் பின்சக்கரத்தில் போனது. வருகிறவர்களை வாசலில் நின்று பதிவு செய்யப்போவதும் அவள்தான் என்று முதல் நாளே ரைட்டக்கா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சக்கரம் முன்னால் போனாலும் மனசு பின்னால்தான் போனது.

ரைட்டக்காவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அவளுக்கு இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். பை தொங்கித் தொங்கி வந்த இறக்கம். வீட்டில் அடுப்பின் முன் நின்றாலும் கால்களை அகட்டித்தான் நிற்பாள், அடுப்பு எப்போது பிரேக் போடும் என்று தெரியாதவள் போல. அவள் கணவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு. நான் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். தட்டு போட்டு அரை மணி ஆகியும் யாரும் கை வைக்கவில்லை. மகள் பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல எல்லாரும் ஏறினாத்தான் வண்டி கெளம்பும். பழகிக்கோங்க," என்றார் அவர்.

முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் "ரைட்!" என்பாள். பஸ் கிளம்ப ரைட், சம்பளம் வந்தால் ரைட், அதிகாரி திட்டினாலும் ரைட். பெயர் அப்படி வந்ததுதான். ஒன்பது வருஷமாக அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. பெயர் மட்டும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

பஸ்ஸில் விசிலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டான். பார்க்கவும் முடியாது. கூட்டத்தில் கண்ணாடி பாதி மறைந்திருக்கும். காதுதான் அவனுக்குப் பின்கண். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு விசில் ஊதினால் தூக்கத்திலும் என் வலது கால் தானாக மிதிக்கும் என்று என் மனைவி புகார் சொல்வாள்.

அன்றைக்குக் காலை ஏழே முக்கால். நாங்கள் எட்டு நிமிஷம் தாமதம். ஸ்டாப்பிங்கில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: நிற்கும்போதே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவேன். ஏறுகிறவர்கள் சீக்கிரம் ஏறுவார்கள் என்று ஒரு நினைப்பு. நகர்த்திக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. மிதித்தேன். பின்னால் சத்தம் போட்டார்கள். இறங்கிப் பார்த்தபோது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் பஸ்ஸின் படிக்கும் ரோட்டுக்கும் நடுவே கிடந்தாள். ரைட்டக்கா ரோட்டில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

விசாரணையில் ஒரே கேள்விதான். எத்தனை விசில்? முதலில் என்னைக் கேட்டார்கள். "ரெண்டு," என்றேன். அடுத்தது அவளைக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். "ரெண்டு," என்றாள். ஆள் ஏறி முடிக்கும் முன் போகச் சொன்ன குற்றம் அவள் தலையில் விழுந்தது. ஆறு மாசம் சஸ்பெண்ட். நான் மறுநாள் வேறு கண்டக்டரோடு வண்டி எடுத்தேன்.

அவளே இரண்டு என்று சொன்னபின் எனக்கென்ன? இப்படித்தான் நான் என்னைத் தட்டித் தூங்க வைத்தேன். ஆனால் உள்ளே ஒருவன் தூங்கவில்லை. ஒன்றா, இரண்டா? கேட்டது காதா, தாமதமாகிவிட்டது என்ற பதற்றமா? அந்த ஆறு மாசமும் அவள் வாராவாரம் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தாள். கட்டு மாற்றப் போனாள், முதல் செயற்கைக் கால் போட்டு நடக்கும்போது கூட நின்றாள், பிறகு அந்த மையத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்தபோதும் கூடப் போனாள். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். பொய்.

சஸ்பெண்ட் முடிந்து வந்தவள், எழுதிக் கொடுத்து என் வண்டியையே கேட்டு வாங்கினாள். மன்னித்துவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் இரண்டு விசில் ஊதியதே இல்லை. நிற்க மட்டும் ஒரு விசில். கிளம்ப, வண்டியின் தகரத்தில் கையால் இரண்டு தட்டு. கேட்டால், "தகரத்துல தட்டினா காது கேக்கலேன்னாலும் முதுகு கேக்கும்," என்பாள். நானும் சிரித்துக்கொண்டேன். அந்தப் பேச்சில் எனக்கு என்ன இருக்கிறது என்று அப்போது புரியவில்லை.

சைக்கிளிலும் அதே ஏற்பாடுதான். யாரும் பேசி முடிவு செய்யவில்லை. நான் முன்னால் போய் நின்றேன், அவள் பின்னால் போய் நின்றாள், நடுவே நான்கு பேர் பயணிகள் மாதிரி வரிசை கட்டினார்கள். அவள் கழுத்தில் டிப்போ விசில். யாராவது நின்றால், பஞ்சர் ஆனால், ஒரு நீள விசில். முதல் இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. ஒழுங்கு என்றால் என்ன, கிரீஸுக்கு உள்ளங்கை கொப்பளித்தது, டைம்கீப்பருக்குக் கழுத்து ஒருபக்கமே திரும்பியது, எனக்குச் சொல்ல முடியாத இடங்களில் எல்லாம் தோல் உரிந்தது. ரைட்டக்கா மட்டும் புகார் சொல்லவில்லை. முழங்காலில் இரண்டு பக்கமும் துணி சுற்றியிருந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மேடு வந்தது. மேடு என்று ஒரு வார்த்தையில் சொல்வது அநியாயம். ஏழு கிலோமீட்டருக்கு ஏறிக்கொண்டே போன ரோடு. எதிர்க்காற்று வேறு. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாக்கு வெளியே தொங்கியது. அந்தப் பக்கம் பார்த்தால் அழகான இறக்கம், கண்ணுக்கு எட்டும் தூரம்வரை மிதிக்கவே வேண்டாம். அப்போது காற்றில் விசில் வந்தது. இரண்டு. சின்னதாக ஒன்று, பின்னாலேயே இன்னொன்று.

போய்விட்டேன். என் பின்னால் நான்கு பேரும் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் டிரைவர்கள், இரண்டு பேர் டிப்போவில் வளர்ந்தவர்கள், இரண்டு விசிலுக்கு எங்களில் யார் காலும் நிற்காது. பதினோரு கிலோமீட்டர் சொகுசாக இறங்கி, கீழே டீக்கடையில் நிறுத்தி, டீ சொல்லி, பாதி குடித்தபிறகுதான் டைம்கீப்பர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி எங்களைப் பார்த்தார்.

"அக்கா எங்க?"

யாரும் எண்ணவில்லை. எண்ணுவது அவள் வேலையாயிற்றே. அவள் இல்லாதபோது அவள் இல்லை என்று எண்ணிச் சொல்ல ஆள் இல்லை.

இவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மறுபடி ஏறினேன். பாதித் தூரம் மிதித்தேன், பாதித் தூரம் தள்ளினேன். என்னை நானே திட்டிக்கொள்ளக்கூட மூச்சு மிச்சமில்லை. உச்சியைத் தாண்டி, காலையில் நாங்கள் ஏறிவந்த பக்கம் கொஞ்சம் கீழே, மைல்கல்லின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் பக்கத்தில் படுத்திருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு விசில் கேட்டுச்சும்மா. அதான் போய்ட்டோம்," என்றேன்.

"ஒண்ணுதான் ஊதினேன். மேட்டுல மூச்சு நடுவுல நின்னு போச்சு. மிச்சத்தை அப்புறம் ஊதினேன்." பழத்தோலை மடித்துப் பையில் வைத்தாள். "நான் ரெண்டு விசில் ஊதி நீங்க கேட்டு எத்தனை வருஷமாச்சு, அண்ணே?"

ஒன்பது வருஷம். அவள் இரண்டு ஊத மாட்டாள் என்று இந்த உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். ஆனாலும் இறக்கத்தைப் பார்த்தேன், இரண்டைக் கேட்டேன், போய்விட்டேன்.

கழன்ற செயினை மாட்டிக் கொடுத்தேன். இறங்கும்போது வெட்கத்தோடு கூடவே ஒரு சின்ன நிம்மதியும் ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு விசில் மூச்சு உடைந்தால் இரண்டாகக் கேட்கும் அல்லவா? அப்படியானால் அன்றைக்கும் அதுதான் நடந்திருக்கலாம். அவளும் ஒன்றுதான் ஊதினாள், நானும் இரண்டுதான் கேட்டேன், யார் மேலும் தப்பில்லை. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு வசதியான ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மழைக்கு ஒதுங்கி ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரைக்குக் கீழே நின்றோம். மற்றவர்கள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏம்மா, அன்னிக்கு... ஸ்டாப்பிங்ல... அன்னிக்கும் உனக்கு மூச்சு கீச்சு நின்னுச்சா?"

அவள் ஈர சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்ததை உதறி மாட்டிக்கொண்டாள்.

"மூடின ஃபைலை எதுக்கு அண்ணே நோண்டறீங்க? மழை விட்டுடுச்சு, வாங்க."

மழை விடவில்லை. ஆனாலும் கிளம்பினோம்.

ஐந்தாம் நாள் மிச்சம் இருந்தது எழுபது கிலோமீட்டர். அதில் சொல்ல ஒன்றுமில்லை. மிதித்தோம். கிரீஸ் வழக்கமாகச் சினிமாப் பாட்டு பாடுவான், அதுவும் நின்றுபோயிற்று. மதியத்துக்கு மேல் ஊருக்குள் நுழைந்தோம். சிக்னல், கடைகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், எங்களைப் பார்த்துச் சிரிக்கிற பஸ்கள். ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "மிதிங்க, மிதிங்க, உக்காந்து ஓட்டினா கஷ்டம் தெரியாது," என்று கத்தினான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த சீட்டைப் பிடுங்கிக்கொண்டு உட்காரவும் வேண்டும் போலிருந்தது.

கடைசித் திருப்பத்தில் திரும்பினால் வளைவு தெரிந்தது. துணி கட்டிய இரும்பு வளைவு, இரண்டு பக்கமும் ஆட்கள், கைதட்டல். ஒலிபெருக்கியில் ஒருவர், "டிப்போ அணி வருது, வாங்க, வாங்க!" என்று கூவினார். வளைவுக்குக் கீழே ஒரு சின்ன மேஜை. மேஜைக்குப் பின்னால் நோட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. நின்ற விதத்தை வைத்தே அடையாளம் தெரிந்துகொண்டேன். வேகமாக உள்ளே புகுந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்து, பின் வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று திட்டம்கூடப் போட்டுவிட்டேன். இருபது அடி இருக்கும். பதினைந்து. பத்து.

விசில் கேட்டது.

கைதட்டல், ஒலிபெருக்கி, என் மூச்சு, எல்லாவற்றுக்கும் நடுவில் கேட்டது. என் கால் மிதிக்கத்தான் பார்த்தது. இரண்டாவது வரும் என்று காது காத்திருந்தது, வந்தால் நல்லது என்றும் காத்திருந்தது. கை இரண்டு பிரேக்கையும் பிடித்தது. பின்னால் அண்ணன் டிரைவர் என் சக்கரத்தில் இடித்து, தம்பி அவன் மேல் இடித்து, டைம்கீப்பர் எல்லார் மேலும் விழுந்தார். இரண்டாவது விசில் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் வண்டியில் உட்கார்ந்து நான் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. திருப்பத்தில் கிரீஸ் ரோட்டில் மல்லாந்து கிடந்தான். இரண்டு காலிலும் தசை பிடித்து, ஐயோ ஐயோ என்று அலறிக்கொண்டிருந்தான். ரைட்டக்கா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அவன் பாதத்தைப் பிடித்து மடக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே போயிருந்தால் எங்கள் நான்கு பேரைப் பார்த்து, டிப்போ அணி வரவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

திரும்பி நடந்தோம். அண்ணனும் தம்பியும் கிரீஸை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டார்கள். மிச்சமுள்ள நாங்கள் ஆறு சைக்கிளைத் தள்ளினோம். எனக்கு இரண்டு. அவள் கடைசியாக வந்தாள். வளைவுக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தி எண்ணினாள். ஒரு தடவை முன்னிருந்து, ஒரு தடவை பின்னிருந்து. பிறகு என் சைக்கிள் சீட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். உள்ளே போனோம்.

"அக்கா!" என்று அந்தப் பெண் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். லேசாகச் சாய்ந்த நடை, அவ்வளவுதான். ரைட்டக்காவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள், திட்டினாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தப்பிக்க இடமில்லை. இருந்தாலும் காலில் தெம்பில்லை.

"நான்தாம்மா அன்னிக்கு வண்டி ஓட்டினவன்," என்றேன். இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்த யோசனையும் கூடவே வந்து விழுந்தது. "எனக்கு ரெண்டு விசில் கேட்டுச்சு. ஒருவேளை நடுவுல மூச்சு நின்னு, ஒண்ணே ரெண்டா..."

"ஒண்ணுதான் சார்," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "நான் படியில ஒரு கால் வெச்சிருந்தேன். அக்கா என் காதுக்குப் பக்கத்துல ஊதினாங்க. நீளமா ஒண்ணு. நடுவுல எங்கயும் நிக்கல. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்பவும் காதுல அதுதான் இருந்துச்சு."

"நீ இதை யார்கிட்டயும் சொல்லலியே."

"யாரும் என்னைக் கேக்கலியே சார்."

ரைட்டக்கா சட்டை நுனியால் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ரெண்டுன்னு சொன்ன?" என்று அவளைக் கேட்டேன்.

"உங்களுக்கு லைசென்ஸ் போயிருக்கும். வேற வேலை ஒண்ணும் தெரியாது உங்களுக்கு. எனக்கு ஆறு மாசம்தான். ரெண்டுல சின்னதை நான் எடுத்துக்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு மறுபடி என் வண்டியையே கேட்டு வாங்கின?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐந்து நாள் வெயிலும் மழையும் அந்த முகத்தில் இருந்தது, ஒன்பது வருஷமும் இருந்தது.

"பின்ன? ஒரு விசிலுக்கு நிக்காத டிரைவர்கிட்ட வேற யாரை அண்ணே அனுப்பச் சொல்றீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில், நடு வாசலில், எல்லார் எதிரிலும். அதை மறைக்கவும் எனக்குத் தெம்பில்லை.

"உக்காருங்க சார், உங்க கால் நடுங்குது," என்று அந்தப் பெண் ஒரு நாற்காலியை என் பின்னால் நகர்த்தினாள். உட்கார்ந்தேன். வலித்தது.

"இன்னிக்கு நின்னேனேம்மா," என்றேன், யாரிடம் என்று தெரியாமல்.

"ஆமா, நின்னீங்க," என்றாள் ரைட்டக்கா.

அந்தப் பெண் மேஜைக்குத் திரும்பிப் போய், எங்களை விரலால் ஒவ்வொருவராக எண்ணி, நோட்டில் ஆறு என்று எழுதினாள்.